கதவு எண் ஒன்று, டீக்கடை

என் டீக்கடையில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் குடியிருக்கிறோம் என்று அரசாங்கம் எனக்குத் தெரிவித்தபோது நான் வடைக்கு உளுந்து ஆட்டிக்கொண்டிருந்தேன். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கடை. முன்னால் பாய்லர், நடுவில் ஒரு தகரத் தடுப்பு, தடுப்புக்குப் பின்னால் நான். பெயர் தங்கபுஷ்பம், வயது நாற்பத்தேழு, புருஷன் செத்து இருபத்திரண்டு வருடம். மிச்சம் இருநூற்றுப் பதினோரு பேரை இந்தக் கடைக்குள் எங்கே படுக்க வைத்திருக்கிறேன் என்று எனக்கே விளங்கவில்லை.

ஆனால் தப்பு எங்கே ஆரம்பித்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆரம்பித்து வைத்தவளே நான்தான்.

எங்கள் ஊர் முத்தலாங்காடு. நடுவே ஒரு ஓடை. இந்தப் பக்கம் வடக்கூர், அந்தப் பக்கம் தெற்கூர். இரண்டு பக்கத்திலும் எந்த வீட்டுக்கும் எண் கிடையாது. யாராவது விசாரித்தால் இரும்பு கேட்டு போட்ட வீடு என்றோ பன்றி கடித்தவர் வீட்டுக்கு அடுத்தது என்றோ சொல்வோம், வந்தவர்களும் சரியாகப் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். பத்தொன்பது வருடம் முந்தி, கடைக்கு லைசென்ஸ் கேட்டு ஆன்லைனில் விண்ணப்பித்தேன். கதவு எண் என்று ஒரு கட்டம், பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்காது. ஒன்று என்று போட்டேன். தெரு என்று இன்னொரு கட்டம், அதற்கும் நட்சத்திரம். கடை இருப்பது மெயின் ரோட்டோரப் புறம்போக்கு, தெருவுக்கு நான் எங்கே போக? டீக்கடை என்று போட்டேன். எடுத்துக்கொண்டது.

அவ்வளவுதான், ஊரே என்னைப் பிடித்துக்கொண்டது. "நீங்க என்ன போட்டியளோ அதையே எனக்கும் போடுங்க" என்று வரிசையாக வந்தார்கள். கூரியர்காரர்களும் ஓடையைத் தாண்ட மாட்டார்கள். போன் அடித்து "எங்க இருக்கீங்க?" என்பார்கள், நம் ஆட்கள் "கடையில குடுத்துருங்க" என்பார்கள். பேங்க் கார்டு, ஹால் டிக்கெட், சர்க்கரை மாத்திரை, பிரஷர் குக்கர் எல்லாம் என் பாய்லருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தன. நானும் பெயரைப் பார்த்துக் கூப்பிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

போன வருடம், அதாவது இரண்டாயிரத்து நாற்பதில், முகவரி மூளை வந்தது. நாட்டில் எந்த விண்ணப்பமும் இனி அது தலையாட்டாமல் நகராது என்றார்கள். எங்கோ குளிர்ந்த கட்டடத்தில் இருக்கும் எந்திரம் அது. யாரும் எதையும் புதிதாக எழுதித் தர வேண்டாம், இதுவரை நாம் நிரப்பிய படிவங்கள், நமக்கு வந்து சேர்ந்த பார்சல்கள், எல்லாவற்றையும் படித்து நாம் எங்கே இருக்கிறோம் என்று அதுவே முடிவு செய்துவிடும். பொருள் எங்கே போய்ச் சேருகிறதோ அங்கேதான் ஆள் இருக்கிறான் என்பது அதன் சித்தாந்தம். ஒரு கதவு என்றால் ஒரு குடும்பம். ஆக முத்தலாங்காட்டில் வடக்கூரும் தெற்கூரும் ஒரே குடும்பம் ஆகிவிட்டோம். எத்தனையோ பேர் மேடை போட்டுப் பேசியும் நடக்காததை எந்திரம் ஒரு நாளில் செய்துவிட்டது என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

குடும்பம் என்றால் தலைவர் வேண்டுமே. வயதில் மூத்தவர் என்று பலவேசத்தைப் போட்டது. வடக்கூர்க்காரர், எண்பத்தெட்டு வயது, பிறந்ததிலிருந்து ஓடையைத் தாண்டாதவர். நான் கடை திறந்த புதிதில் எல்லோருக்கும் ஒரே மாதிரி கிளாஸ் வைத்தேன் என்று இரண்டு வருடம் கடைப்பக்கம் வராமல் இருந்து, அப்புறம் சுற்றுவட்டாரத்தில் வேறு கடை இல்லாத கொடுமையால் வந்து சேர்ந்தவர். இப்போது தெற்கூர்ப் பிள்ளைகளின் உதவித்தொகைக்கு அவர் கட்டைவிரல் வைக்க வேண்டும். முதல் வாரம் கத்தினார். இரண்டாம் வாரம் முனகினார். மூன்றாம் வாரம் பார்த்தால் எட்டு மணிக்கே சவரம் செய்து, துவைத்த சட்டை போட்டு, என் பெஞ்சில் உட்கார்ந்து, "நேத்து வந்த அந்தப் பாட்டனி படிக்கிற புள்ள ஏன் இன்னும் வரல?" என்று விசாரிக்கிறார்.

இதெல்லாம் எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது, என் கல்யாணத்தில் வந்து இடிக்கும்வரை.

கோயில்பிச்சை தெற்கூர்க்காரர். ஐம்பத்தொரு வயது. சோலார் பம்ப் ரிப்பேர் செய்கிறவர். கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவர். அவருக்கு வரும் ஸ்பேர் பார்ட்ஸ் எல்லாம் பத்தொன்பது வருடமாக என் கடைக்குத்தான் வருகின்றன. இங்கேயே பிரிப்பார், இங்கேயே ஒரு டீ குடிப்பார், பிரித்த அட்டைப்பெட்டியை மடித்து வைத்துவிட்டுப் போவார். மற்றவர்கள் யாரும் அட்டைப்பெட்டியை மடிப்பதில்லை. ஒரு நாள் அவர் பெயருக்கு வந்த பார்சலுக்குள் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு புடவை இருந்தது.

"ஒங்க பேருக்குப் போட்டாலும் இங்கதான் வரும், எம் பேருக்குப் போட்டாலும் இங்கதான் வரும். அதான் எம் பேருக்கே போட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார். புடவையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். அந்த வயதில் அப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று நான் நினைக்கவே இல்லை.

ஒரே ஒரு நிபந்தனை சொன்னேன். பதிவு வேண்டும். முதல் கல்யாணத்தைப் பதியாமல் விட்டதால், புருஷன் செத்த எட்டாம் நாள் கொழுந்தன்மார்கள் "என்ன ஆதாரம் இருக்கு?" என்று கேட்டு என்னை வெளியே நிறுத்தினார்கள். இனி எந்த வாசலிலும் நான் அப்படி நிற்க மாட்டேன். கோயில்பிச்சை உடனே சரி என்றார். செல்போனில் விண்ணப்பித்தோம். நாலே நொடியில் பதில் வந்தது.

'விண்ணப்பதாரர்கள் இருவரும் பத்தொன்பது ஆண்டுகளாக ஒரே குடும்பத்தின் உறுப்பினர்கள். ஒருவர் கைம்பெண், மற்றவர் திருமணமாகாதவர். எனவே உடன்பிறந்தோர் எனக் கருதப்படுகிறது. பதிவு மறுக்கப்படுகிறது.'

எழுத்துப்பிழை எதுவும் இருக்குமோ என்று அடுத்த வாரம் மறுபடி போட்டோம். மறுபடி மறுத்தது. கூடவே ஒரு எச்சரிக்கை. மூன்றாம் முறையும் மறுக்கப்பட்டால் ஐந்து வருடத்துக்கு இருவருமே விண்ணப்பிக்க முடியாது. ஐந்து வருடம் என்றால் எனக்கு ஐம்பத்திரண்டு, அவருக்கு ஐம்பத்தாறு. எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கு டீயில் சீனியே போடவில்லை, யாரும் வாயைத் திறக்கவும் இல்லை.

புகார் மேல் புகார் எழுதி, கடைசியில் ஒரு கள அலுவலரை வரவழைத்தேன். ரஹ்மத் நிஷா என்று பெயர். கோயம்புத்தூர்ப் பக்கம். முப்பது வயதிருக்கும், சின்னப் பிள்ளை. வந்ததும் கடையை ஒரு சுற்றுப் பார்த்தது, தடுப்புக்குப் பின்னால் எட்டிப் பார்த்தது, சிரிப்பை அடக்க முடியாமல் பெஞ்சில் உட்கார்ந்தது.

"ஏனுங்கக்கா, இருநூத்துப் பன்னெண்டு பேருன்னு பார்த்து நான் அபார்ட்மெண்டுன்னு நெனச்சுட்டேன். லிஃப்ட் இன்ஸ்பெக்சனுக்கு வேற ஆர்டர் போட்டிருக்குதுங்க."

"சிரிப்பு இருக்கட்டும் தாயி. இவிய என் அண்ணனும் இல்ல, தம்பியும் இல்ல. நீங்களே கண்ணால பாக்கியள்லா? ஒரு கையெழுத்துப் போட்டு மாத்தி விடுங்க."

"என் கையெழுத்தெல்லாம் செல்லாதுங்கக்கா. ஆபீசருங்க இஷ்டத்துக்கு மாத்துறாங்கன்னுதானே மூளையவே கொண்டுவந்தாங்க. ஒரே ஒரு வழிதான் இருக்குது. ரெண்டு பேர்ல ஒருத்தர் இந்தக் குடும்பத்த விட்டுப் பிரியறேன்னு விண்ணப்பம் போடோணும். வேற ஒரு முகவரிக்குப் போயிட்டா வேற குடும்பம். அப்புறம் மூணாவது தடவ போட்டா எடுத்துக்கும்."

கோயில்பிச்சை பாய்லருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ரஹ்மத் நிஷா அவர் பக்கம் திரும்பியது.

"உங்களுக்குத்தான் சொந்த வீடு இருக்குதுங்களே அண்ணா, ஓடைக்கு அந்தப் பக்கம். பட்டா உங்க பேர்லயே இருக்குது. பதினாலாம் நம்பருன்னு பழைய மேப்புல காட்டுது. அங்க மாறிட்டா வேலை முடிஞ்சுது." கையிலிருந்த தொடுதிரைப் பலகையை அவரிடம் திருப்பிக் காட்டியது. "தெருப் பேரு மட்டும் மேப்புல இருக்கிற மாதிரியேதான் வரும். மாத்த முடியாதுங்க."

அவர் பார்த்தார். நானும் பார்த்தேன். தெற்கூருக்குள் இருக்கும் அந்த ஒரே தெருவுக்கு ஐம்பது அறுபது வருடம் முந்தி எந்த அதிகாரியோ வைத்த பெயர். அதை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் அங்கே இருப்பவர்கள் யார் என்று உங்களுக்கு உடனே தெரிந்துவிடும், அந்தப் பெயரின் வேலையே அதுதான்.

"அது வேண்டாம்மா" என்றார் கோயில்பிச்சை.

"பேருதானுங்கண்ணா."

"பேருதான்." அவர் குரல் உயரவே இல்லை. "இருபத்திரெண்டு வயசுல ஒரு மோட்டார் கம்பெனிக்கு வேலைக்குப் போனேன். பரிச்சையில மொத மார்க்கு. மேனேஜர் என் பேப்பர எடுத்தான், அட்ரஸ் வரைக்கும் வாசிச்சான், அதுக்குக் கீழ வாசிக்கல. காப்பி வந்துச்சு, எனக்கு மட்டும் வரல. பொறவு இவிய கடை அட்ரஸப் போட ஆரம்பிச்சேன். பக்கத்து டவுன்ல இருந்தெல்லாம் பம்பு ரிப்பேருக்குக் கூப்புடுதான். வீட்டுக்குள்ள வாங்கங்கான், தண்ணி குடிக்கியளாங்கான். எந்தத் தெருன்னு இன்னைக்கு வரைக்கும் ஒருத்தன் கேட்டதில்ல. நீங்க சொல்லுத மாதிரி அத திரும்ப எழுதுனா, என் ஒவ்வொரு பில்லுலயும், ஒவ்வொரு கார்டுலயும் அதுவா வந்து உக்காந்துக்கிடும்."

ரஹ்மத் நிஷா தலையைக் குனிந்துகொண்டது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. பத்தொன்பது வருடமாக நான் அவர்களுக்கெல்லாம் டீ மட்டும்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். தெற்கூரிலிருந்து ஒரு ஆள்கூட இதுவரை பிரிவு விண்ணப்பம் போடாதது ஏன் என்றும் புரிந்தது. தலைவர் பலவேசம் என்றாலும் பரவாயில்லை என்று எல்லோரும் என் கடையிலேயே இருந்துகொண்டார்கள்.

"கல்யாணம் இல்லாட்டாலும் போகுது, புஷ்பம்" என்றார் அவர். "டீ குடிக்க வாரது நிக்கப் போகுதா என்ன?"

"நீங்க சும்மா இரிங்க." எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. "தாயி, ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர்னுதான சொன்னிய? அப்ப நான் போறேன்."

"நீங்க எங்கீங்கக்கா போவீங்க? வேற வீட்டுக்குப் போகணும்னா அந்த வீட்டுக்காரர் சம்மதம் வேணுமே."

"வீட்டுக்காரரு இந்தா நிக்காவள்லா. பதினாலாம் நம்பர்."

ரஹ்மத் நிஷா என்னைப் பார்த்தது, அவரைப் பார்த்தது, விரலை மடக்கி எதையோ யோசித்தது. "அதாவது... கடை உங்களுது, ஆனா அண்ணன் கடையில குடியிருக்கிறாரு. வீடு அண்ணனுது, ஆனா நீங்க வீட்டுல குடியிருக்கறீங்க. ரெண்டும் வேற வேற முகவரி." மெல்லச் சிரித்தது. "மூளைக்கு இதுல ஒரு தப்பும் தெரியாதுங்கக்கா."

கோயில்பிச்சை அப்படிக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. "கிறுக்குப் புடிச்சிருக்கா ஒனக்கு? நான் முப்பது வருசம் பாடுபட்டு எறக்கி வச்சத நீ எடுத்துத் தலையில வைக்கப் போறியா?"

"எறக்கி வச்ச எடத்துலதான கெடக்கு. எங்கயும் போவலயே. எவ்வளவு கனம்னு நானும் தூக்கிப் பாக்கேன்."

"தூக்குனா தெரியும்."

"தெரியட்டும். ஒங்க வீட்டுல எனக்கு எடம் உண்டா இல்லியா, அத மட்டும் சொல்லுங்க."

அவர் பலகையை வாங்கி, வீட்டுக்காரர் சம்மதம் என்ற கட்டத்தில் கட்டைவிரலை வைத்தார். தெருப் பெயரை நானே என் விரலால் ஒவ்வோர் எழுத்தாக அடித்தேன். பிரிவு விண்ணப்பம் அன்று மாலையே ஏற்கப்பட்டது. மறுநாள் மூன்றாம் முறையாகக் கல்யாண விண்ணப்பத்தை அனுப்பினோம். பரிசீலனையில் உள்ளது, முடிவு பெண்ணின் முகவரிக்கு நேரில் தரப்படும் என்று வந்தது. நாலு நொடியில் மறுக்கவில்லை என்பதே எனக்குப் பெரிதாக இருந்தது.

காத்திருந்த பன்னிரண்டு நாளில் கனம் தெரிந்தது. கடலை எண்ணெய் இரண்டு மணி நேரத்தில் கொண்டுவந்து தரும் ஆப், 'உங்கள் பகுதிக்குச் சேவை இல்லை' என்றது. எண்ணெய் வந்து இறங்குவது அதே கடையில்தான், என் பெயருக்குப் பின்னால் இருந்த தெருதான் மாறியிருந்தது. பேங்க்கின் குரல் எந்திரம் அதுவரை என்னை மேடம் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது. இப்போது பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, கூடுதல் ஆவணம் கேட்டது. தென்காசியிலிருந்து என் அண்ணன் போன் செய்தான். குடும்பம் பிரிந்தால் உறவினர்களுக்கெல்லாம் தகவல் போகுமாம்.

"என்னட்டி அட்ரஸு இது? எனக்கு நோட்டீஸ் வந்துருக்கு. நாலு பேரு பாத்தா என்ன நெனப்பாவ?"

"நான் வாசல்ல நின்னன்னைக்கு அந்த நாலு பேரும் எங்க இருந்தாவ?" என்று கேட்டேன். வைத்துவிட்டான்.

வடக்கூரில் ரெண்டு வீட்டுக்காரர்கள் டீக்கு வருவதை நிறுத்தினார்கள். பலவேசம் மட்டும் வழக்கம்போல எட்டு மணிக்கு வந்து உட்கார்ந்தார். "குடும்பத்துல ஒரு ஆளு கொறஞ்சுட்டுன்னு மெசேஜ் வந்துச்சு. தலைவர்ட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போவக் கூடாதா?" என்று குறைபட்டுக்கொண்டு, வழக்கத்துக்கு மாறாக இரண்டாவது டீயும் கேட்டார்.

பதின்மூன்றாம் நாள் காலை, முடிவு இன்று வருகிறது என்று செய்தி வந்ததும் கடையைச் சாத்திவிட்டு, கத்தரிப்பூ நிறப் புடவையைக் கட்டிக்கொண்டு ஓடையைத் தாண்டினேன். பதினாலாம் நம்பர் வீட்டு வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கோயில்பிச்சை உட்காரவே இல்லை, வாசலுக்கும் தெருமுனைக்கும் நடந்துகொண்டிருந்தார். பதினோரு மணிக்குத் தபால்கார அந்தோணியம்மாள் பேட்டரி ஸ்கூட்டரில் தெருவுக்குள் நுழைந்தாள். அவளும் பதினாறு வருடமாக எங்கள் ஊருக்கு வருகிறாள், என் கடையோடு திரும்பிவிடுவாள். தெருவில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆட்கள் வெளியே வந்து நின்றார்கள்.

"பதினாலு எது?" என்று கேட்டாள், என்னைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டே. கேட்க வேண்டும் என்பது விதி போலிருக்கிறது. இருபது பேர் கை நீட்டிக் காட்டினார்கள். உறையைக் கொடுத்து, என் கைரேகையை வாங்கிக்கொண்டு, "நல்லா இருங்க மைனி" என்றாள்.

திருமணப் பதிவுச் சான்றிதழ். கோயில்பிச்சை, தங்கபுஷ்பம். ஏற்கப்பட்டது. நான் வாய்விட்டு அழுதுவிட்டேன். அவர் என் தோளில் கைவைத்துக் குனிந்து வாசித்துக்கொண்டிருந்தவர், திடீரென்று நிறுத்தினார்.

"புஷ்பம், இங்க பாரு."

மணமகன் முகவரியில் கதவு எண் ஒன்று, டீக்கடை என்று இருந்தது. மணமகள் முகவரியில் கதவு எண் பதினான்கு. தெரு என்ற இடத்தில் ஒன்றுமே இல்லை. வெள்ளையாக இருந்தது. அடியில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு: 'இத்தெருவின் பெயர் குடியிருப்போரைக் குறிப்பது. தற்போது குடியிருப்போருக்கு அது பொருந்தவில்லை. பெயர் நீக்கப்படுகிறது. குடியிருப்போர் முப்பது நாளுக்குள் புதிய பெயரைத் தெரிவிக்க வேண்டும்.'

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. சான்றிதழ் செல்லாமல் போய்விடுமோ என்று ரஹ்மத் நிஷாவுக்கு போன் போட்டு, எல்லோரும் கேட்கும்படி வைத்தேன்.

"செல்லுமுங்கக்கா, நூத்துக்கு நூறு செல்லும்" என்றது அது. அதன் குரலும் ஒரு மாதிரி இருந்தது. "நானும் இப்பத்தான் பார்த்தேன். அந்தத் தெருவுல முப்பத்தாறு வீடு. ஆனா மூளையக் கேட்டா அத்தன பேரும் உங்க டீக்கடையிலதானே இருக்காங்க. தெருவுல குடியிருக்கிறது நீங்க ஒருத்தர் மட்டும்தான். பேரையும் உங்களையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்குது. ஒட்டவே இல்ல. தப்பான பேருன்னு தூக்கிருச்சு. ஐம்பது வருசமா எத்தன மனு போட்டிருப்பாங்களோ பாவம்... சரி, புதுப் பேரு என்னன்னு நீங்கதான் சொல்லோணும்."

தெருவில் ஒரே இரைச்சல். பூந்தோட்டத் தெரு என்று ஒரு அக்கா கத்தினாள். ஒரு பூச்செடியும் இல்லாத இடத்தில் என்ன பூந்தோட்டம் என்று அவள் புருஷன் மறித்தான். கிழக்கு மேற்காக ஓடுவதால் சூரியன் தெரு என்றார் ஒருவர். தங்கபுஷ்பம் தெரு என்று யாரோ சொல்ல, "செருப்பு பிய்யும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

கோயில்பிச்சை மட்டும் எதிலும் சேரவில்லை. சான்றிதழை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அந்த வெள்ளை இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது, முகம் சிரித்துக்கொண்டிருந்தது.

"நீங்க சொல்லுங்க. என்ன பேரு வைக்க?" என்று கேட்டேன்.

"முப்பது நாளு இருக்குல்லா" என்றார். "அதுவரைக்கும் இது சும்மாவே கெடக்கட்டும்."